பிரபு சொன்னதும் நான் சொன்னதும்

அன்பு மகள்,

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் அடுத்த தலைவராக இருப்பதற்கு நீ ஓம் என்று சொல்லிவிட்டாய் என்று எங்கள் பொருளாளர் போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னார். மனிதனுக்கு வாயெல்லாம் பல் என்பது குரலிலேயே தெரிந்தது. "அண்ணை, இனி எங்களுக்கு யோசினை இல்லை. உங்கடை கதிரை உங்கடை வீட்டை விட்டுப் போகாது. பிள்ளை ஒரு சொல்லும் மறுத்துக் கதைக்கேல்லை" என்றார். நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அடுப்படியில் நின்ற அம்மா என்ன விஷயம் என்று கேட்டாள். சொன்னேன். அவள் திரும்பி வெங்காயம் வெட்டத் தொடங்கினாள். நீ கொலோனில் வேலையும் வீடுமாக இருக்கிறவள். நாலு வருடமாக நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் ஸ்டுட்கார்ட் பக்கம் வந்து, இரண்டு நாள் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் முதல் ரயிலைப் பிடிக்கிறவள். நீ ஏன் ஓம் என்று சொன்னாய் என்று எனக்குத் தெரியும். எனக்கு இரண்டாவது தடவையும் இருதயத்துக்குள் குழாய் வைத்திருக்கிறார்கள், அப்பாவின் மனம் நோகக் கூடாது என்று நினைத்திருப்பாய். அப்பாவின் மனம் நோகக் கூடாது என்பதற்காக இந்த வீட்டில் நடந்த காரியங்கள் பல. அதில் ஒன்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

இதை உனக்கு மட்டும் தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் ஆண்டு மலரில் போடக் கொடுக்கிறேன். விலகிப் போகிற தலைவருக்கு அதில் நான்கு பக்கம் உண்டு. வழமையாக அந்தப் பக்கங்களில் எமது சங்கம் கடந்து வந்த பாதை என்று முழங்கிவிட்டு, கறுப்புக் கோட் போட்ட என் படத்தையும் பெரிதாகப் போடுவேன். இந்த முறை படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் செய்த பிழையை உன் காதுக்குள் மட்டும் சொல்லி முடித்தால் அது இன்னொரு பிழையாகிவிடும். இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்தவர்கள். கைதட்டியவர்கள். அவர்களுக்கும் தெரியட்டும்.

உன் அப்பா என்ன மனிதன் என்று முதலில் சொல்ல வேண்டும். ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தேன். ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதில் கெட்டிக்காரன் என்று பெயர். கிழக்கு பெர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய அன்றே அந்த ஆங்கிலம் செல்லாக் காசாகிவிட்டது. முதலில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். பிறகு கார்ப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலை. என்னைவிட இருபது வயது இளைய மேற்பார்வையாளன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான், விரலைச் சொடுக்குவான். ஆனால் சனிக்கிழமை சங்க மண்டபத்துக்குள் கால் வைத்தால் நான் தலைவர். கதிரை இழுத்துப் போடுவார்கள், தேநீர் முதலில் எனக்கு வரும். வெளிநாட்டிலிருந்து யாராவது பெரிய மனிதர் பேச வந்தால் மொழிபெயர்க்க மேடையில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களை நான் தள்ளினேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

ஐரோ காசு வந்த அடுத்த வருடம், நீ கிம்னாசியம் பள்ளிக்கூடத்தில் கடைசிக்கு முதல் வகுப்பில் படித்தாய். அந்த வருட விழாவுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு பிரபுவை அழைத்தேன். லண்டனில் இருந்த ஒரு நண்பர் தொடர்பு எடுத்துத் தந்தார். பிரபு என்றால் பணக்காரர் என்ற பொருளில் இல்லை. தகப்பன் வழியாகப் பட்டம் வந்து, அந்தப் பட்டத்தால் லண்டன் பாராளுமன்றத்தின் மேல்சபையில் தேர்தல் இல்லாமலே உட்காருகிறவர். எங்கள் சனம் லோட் என்று சொல்லும். "லோட் வாறாராம்" என்ற செய்தி இங்கிருந்து கொலோன் வரை போனது. "பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர், மாண்புமிகு பிரபு அவர்கள்" என்று பெரிய எழுத்தில் விளம்பரம் அடித்து, எங்கள் கடைகள் எல்லாவற்றிலும் மிளகாய்த்தூள் பைகளுக்கு மேலே ஒட்டினோம். அவர் அப்போதும் சபையில் இருக்கிறாரா என்று நான் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. பட்டம் இருந்தால் கதிரையும் இருக்கும் என்று நினைத்தேன்.

விழா நடந்த அதே கிழமை செவ்வாய்க்கிழமைதான் றெஜி மாமாவுக்கு அந்தக் கடிதம் வந்தது. மலரை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், றெஜி உன் அம்மாவின் ஒரே தம்பி. அகதி முகாமில் இருந்துகொண்டு வார விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வருவான். உன் கணக்குக் கொப்பியின் ஓரத்தில் உன் ஆசிரியரைப் படமாகக் கீறி வைத்துவிட்டு உன்னை ஏச்சு வாங்க வைப்பான். நாட்டில் போர் நிறுத்தம் வந்துவிட்டது, இனி ஆபத்தில்லை, திரும்பிப் போகலாம் என்று சொல்லி அவனுடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்திருந்தார்கள். மறுத்து வழக்குப் போட இரண்டு கிழமை, பதினாலு நாள் அவகாசம். அந்த டொச்சு மொழிக் கடிதத்தை வாசித்துச் சொன்னவள் நீதான். விழா சனிக்கிழமை. அடுத்த திங்கட்கிழமை காலை அவனுக்கு ஒரு வழக்கறிஞரைச் சந்திக்க நேரம் குறித்து ரெர்மின் எடுத்துக் கொடுத்தவளும் நீதான். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

பிரபுவை விமான நிலையத்திலிருந்து நான்தான் காரில் ஏற்றி வந்தேன். எழுபது வயதைத் தாண்டிய நெட்டை மனிதர். கோட்டில் ஒரு பொத்தான் இல்லை. முன் இருக்கையில் முழங்காலை மடித்து உட்கார்ந்துகொண்டு, நான் கேட்காமலே தன் கதையைச் சொன்னார். இருபத்தாறு வயதில் ஆட்டுப் பண்ணை ஒன்றில் வேலை பழகிக்கொண்டிருந்தாராம். தகப்பன் ஒரு காலை முகம் வழிக்கும்போது விழுந்து இறந்துபோனார். அடுத்த மாதம் இவர் சபையில். முதல் பேச்சு ஆடுகளுக்கு வருகிற குளம்பு நோயைப் பற்றி. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் நித்திரை. பிறகு பதினொரு மாதம் மீன்பிடித் துணை அமைச்சராக இருந்தார். "நான் போன பிறகு மீன்கள் ஒன்றும் என்னைத் தேடவில்லை" என்று தானே சிரித்தார். எங்கள் மேல் ஏன் அக்கறை என்று கேட்டேன். அவருடைய பாட்டனுக்கு இலங்கையில் தேயிலைத் தோட்டம் இருந்ததாம். "எங்கள் வீட்டுக் கூரையே உங்கள் நாட்டுத் தேயிலையில் போட்டது. இப்போது ஒழுகுகிறது. நியாயம்தான்" என்றார்.

பாதி வழியில், கோப்பி குடிக்க நிறுத்திய இடத்தில்தான் அதைச் சொன்னார். பரம்பரையாக வந்தவர்களைச் சபையிலிருந்து வெளியே அனுப்பச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள், கொஞ்சப் பேர் மட்டும் தங்கலாம், யார் தங்குவது என்று தங்களுக்குள்ளேயே வாக்குப் போட்டார்கள், தனக்குக் கிடைத்தது பதினேழு வாக்கு. "எனக்குப் பதினேழு நண்பர்கள் இருந்தார்கள் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது நான் சபைக்குப் போனால் பார்வையாளர் வரிசையில்தான் நிற்க வேண்டும்" என்றார். பிறகு தன் மகளைப் பற்றிச் சொன்னார். தன்னைவிடப் பத்து மடங்கு கெட்டிக்காரியாம். பெண் பிள்ளை என்பதால் பட்டம் அவளுக்கு வராது, மோட்டார் சைக்கிள் விற்கிற ஒரு தூரத்துச் சொந்தக்காரப் பையனுக்குப் போகுமாம். "அவளுக்கு அதிர்ஷ்டம்" என்றார். நான் கோப்பியை அப்படியே வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தேன். சனம் மூன்று பேருந்துகளில் வந்துகொண்டிருக்கிறது. விளம்பரத்தில் பாராளுமன்ற உறுப்பினர் என்று இருக்கிறது. சங்கத்தில் என்னை விழுத்தக் காத்திருக்கிற நாலு பேர் முன் வரிசையில் இருப்பார்கள். அந்த நேரம் என் மூளையில் ஓடியது இவ்வளவுதான் மகள். றெஜியைப் பற்றி ஒரு நினைப்பும் வரவில்லை.

விழா எங்கள் வழக்கப்படி நடந்தது. பிரபுவுக்கு வெள்ளைத் துணி போட்ட கைபிடிக் கதிரை. மங்கல விளக்கில் முதல் திரியை அவர் ஏற்றினார். பொன்னாடை போர்த்தினோம். நீ சேலை கட்டிக்கொண்டு பூச்செண்டு கொடுத்துவிட்டு முன் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாய். றெஜி பின்னால் கதவடியில் நின்றான். பிரபு ஒலிவாங்கிக்கு முன் வந்து, ஒரு தாளும் இல்லாமல், மெதுவாகப் பேசினார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் சொன்னதை இன்றைக்கும் அப்படியே என்னால் சொல்ல முடியும். "முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இப்போது பாராளுமன்றத்தில் இடமில்லை. பிறந்ததால் உள்ளே போனேன், சட்டத்தால் வெளியே வந்தேன், இரண்டுக்கும் நான் ஒன்றும் செய்யவில்லை. என்னால் கடிதம் எழுத முடியும். எழுதுவேன். ஆனால் அந்தக் கடிதங்களை நம்பி இருந்துவிடாதீர்கள். உங்களில் யாருக்காவது வழக்கு இருந்தால் நல்ல வழக்கறிஞர் ஒருவரிடம் போங்கள். அவர் செய்வதில் நூறில் ஒரு பங்கையும் என்னால் செய்ய முடியாது." இவ்வளவும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் ஒலிவாங்கியை என் பக்கம் இழுத்தேன். மண்டபம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. "மாண்புமிகு பிரபு அவர்கள் சொல்கிறார்கள்" என்று தொடங்கினேன். "நான் பிறந்ததே பாராளுமன்றத்தில் உங்கள் குரலாக இருப்பதற்குத்தான். எந்தச் சட்டத்தாலும் என்னைத் தடுக்க முடியாது. உங்களில் யாருக்காவது வழக்கு இருந்தால் இனிமேல் அது என்னுடைய வழக்கு. என் கடிதம் பேசும்." எழுதி வைத்து வாசித்ததுபோல வந்தது. ஒரு சொல்லும் தடக்கவில்லை. சனம் எழுந்து நின்றது. அப்படி ஒரு கைதட்டல் அந்த மண்டபத்தில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிரபு திகைத்துப்போய், கண் கலங்கி, கைகூப்பினார். தன்னால் ஒன்றும் ஆகாது என்று சொன்னதற்கு ஏன் இப்படி எழுந்து நிற்கிறார்கள் என்று அந்த மனிதனுக்கு விளங்கவில்லை. எல்லாரும் நின்றார்கள், நீ மட்டும் எழும்பவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் முதல் புள்ளி எடுக்கிற பிள்ளை. பூச்செண்டிலிருந்து உதிர்ந்த ஒரு இலையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் மற்றப் பக்கம் திரும்பினேன்.

பின்னேரம் வாகனத் தரிப்பிடத்தில், அம்மா சட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தாய். "அப்பா, அவர் அப்பிடிச் சொல்லேல்லையே. வக்கீலிட்டைப் போகச் சொல்லியெல்லோ சொன்னவர்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. "மேடையிலை எப்பிடிக் கதைக்கிறதெண்டு எனக்கு நீ படிப்பிக்க வேண்டாம். வாயை மூடிக்கொண்டு காருக்குள்ளை ஏறு. வெளியிலை எங்கையாவது கதைச்சியோ, நான் உன்ரை அப்பன் இல்லை." உன்னை நான் ஒருநாளும் அடித்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவேன். அடித்திருந்தாலும் பரவாயில்லை. சரியாகக் கேட்ட காதைப் பிழை என்று சொல்லி உன்னை வாயடைத்தேனே, அதற்கு இன்றைக்கு எல்லாரும் வாசிக்க மன்னிப்புக் கேட்கிறேன்.

விழா முடிந்ததும் மண்டபத்துச் சமையலறை மேசையில், வடைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பிரபு றெஜிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மேலே சிவப்பு முத்திரை போட்ட தடித்த தாள். எழுதிவிட்டு, "இவருக்கு வழக்கறிஞர் இருக்கிறாரா?" என்று என்னிடம் கேட்டார். இருக்கிறார் என்றேன். அது பொய் இல்லை, திங்கட்கிழமை ரெர்மின் இருந்தது. றெஜி அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்ப் பிளாஸ்ரிக் உறை போட்டு ஒட்டினான். பிரதி எடுத்து அகதி விண்ணப்பத்தை நிராகரித்த அலுவலகத்துக்கும் அனுப்பினான். திங்கட்கிழமை மத்தியானம் தொழிற்சாலைச் சாப்பாட்டு நேரத்தில் எனக்குத் தொலைபேசி எடுத்தான். "அத்தான், வக்கீலிட்டை நான் போகேல்லை. லோட் தன்ரை வழக்கெண்டு கையிலை எடுத்த பிறகு நாங்கள் வேறை ஆளிட்டைப் போறது அந்தப் பெரிய மனிசனை நம்பேல்லை எண்ட மாதிரி. அவரைக் குறைச்சதாப் போயிடும். அலுவலகக்காரரும் என்ன நினைப்பினம்? ஒரு பக்கம் லோட்டின்ரை கடிதம், மற்றப் பக்கம் வழக்கு எண்டால் மரியாதையில்லை, என்ன அத்தான்?" என்று கேட்டான். அவனுடைய குரலில் இருந்த நிம்மதியை நான் இப்போதும் கேட்கிறேன். எங்களுடைய ஆட்களின் புத்தி அப்படி. எங்களுக்கு ஒருவர் உதவுகிறேன் என்றால் அவருக்கு மேலால் இன்னொரு கதவைத் தட்டுவது அவமரியாதை என்று வளர்க்கப்பட்டவர்கள். அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். "உனக்குச் சரியெண்டு பட்டதைச் செய்" என்று சொல்லி வைத்தேன்.

இன்னும் எட்டு நாள் இருந்தது. ஒரு வசனம் போதும். "றெஜி, லோட் அப்பிடிச் சொல்லேல்லை, நான்தான் மாத்திச் சொன்னனான், வக்கீலிட்டை ஓடு." அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை சொல்லலாம் என்று இருந்தேன், வேலை கூடிவிட்டது என்று எனக்கே சாட்டுச் சொன்னேன். புதன்கிழமை தொலைபேசியைக் கையில் எடுத்து இலக்கத்தில் பாதியை அழுத்திவிட்டு வைத்தேன். சொன்னால் அவன் முகாமில் இருக்கிற பத்துப் பேருக்குச் சொல்லுவான், அது சங்கத்துக்கு வரும், என்னை விழுத்தக் காத்திருக்கிறவர்களுக்கு வாய்க்கு அவல் கிடைத்துவிடும். சனிக்கிழமை அவன் எங்கள் வீட்டுக்கு வந்து அதே மேசையில் என்னோடு இருந்து புட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டான். நீ பசியில்லை என்று அறைக்குள் போய்விட்டாய். ஒருவேளை கடிதமே வேலை செய்யும், ஒரு பிரபுவின் கடிதம் அல்லவா என்று என்னை நானே நம்ப வைத்தேன். என்னுடைய பொய்யை அந்த மண்டபத்தில் எல்லாரையும்விட அதிகமாக நம்பியவன் நான்தான் போலிருக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை அவகாசம் முடிந்தது. பிறகு அலுவலகத்துக்கு நானும் அவனும் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்த கடிதத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, இது யார் என்று கேட்டாள். நான் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு அதைக் கோப்புக்குள் வைத்தாள். அவ்வளவுதான் அதற்கு மரியாதை.

இரண்டு வருடம் தற்காலிக விசாவில் இழுத்து, ஒரு விடியற்காலை பொலிசார் முகாமுக்கு வந்து அவனை நாடு கடத்த ஏற்றிக்கொண்டு போனார்கள். கொழும்பு விமான நிலையத்தில் ஒரு நாள் மறித்து வைத்து விசாரித்துவிட்டு விட்டார்கள். சில மாதம் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தான். கிழமைக்கு ஒரு தடவை அம்மாவுக்குத் தொலைபேசி எடுப்பான். நாட்டில் திரும்பவும் சண்டை பிடிக்கத் தொடங்கிய நேரம், ஒரு பின்னேரம் தேநீர் குடிக்க இறங்கியவனை வாகனத்தில் வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போனதாக லொட்ஜ் முதலாளி சொன்னார். இன்றைக்கு வரைக்கும் தகவல் இல்லை. உயிரோடு இருக்கிறான் என்று அம்மா சொல்கிறாள். அவள் சொல்லும்போது நான் தலையாட்டுகிறேன். அதன் பிறகுதான் நீ கொலோனில் ஆவுஸ்பில்டுங் தொழிற்படிப்பு கிடைத்திருக்கிறது என்று சொல்லிப் பெட்டியைக் கட்டினாய். ஸ்டுட்கார்ட்டில் அதே படிப்பு இருந்தது என்பது எனக்குத் தெரியும். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாய் என்ற பயம்.

பிரபு வருடா வருடம் நத்தார் வாழ்த்து அனுப்பினார். ஒவ்வொன்றிலும் அந்த இளைஞரின் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருப்பார். நான் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதில் கெட்டிக்காரன், பார். போன வருடம் அவர் இறந்துபோனார். அவருடைய மகள் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். தகப்பன் கடைசிக் காலத்தில், மழை ஒழுகாத ஒரே ஒரு அறையில் இருந்துகொண்டு, திரும்பத் திரும்பச் சொன்ன கதை எங்கள் மண்டபத்துக் கதைதானாம். நாற்பது வருடத்துக்கு மேல் சபையில் பேசி ஒருவரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை, ஒரு நாள் ஜெர்மனியில் தமிழர்களுக்கு முன்னால் என்னால் பிரயோசனமில்லை என்று உண்மையைச் சொன்னேன், அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், உண்மையை இப்படி மதிக்கிற சனத்தை நான் வேறெங்கும் காணவில்லை என்று சொல்லுவாராம். அப்பாவுக்கு அந்த நாளைத் தந்ததற்கு நன்றி என்று முடித்திருந்தாள். தொழிற்சாலையில் விரல் சொடுக்கியவன்கூட என்னை இந்த அளவுக்குக் கூனிக் குறுக வைத்ததில்லை. அந்தக் கடிதத்தைக் கிழிக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

ஆகவே மகள், இந்தக் கதிரை உனக்கு வேண்டாம். நீ தலைவராக இருக்கத் தகுதியில்லாதவள் என்று சொல்லவில்லை. உன்னைவிட நேர்மையான ஆள் இந்தச் சங்கத்தில் கிடைக்காது. ஆனால் அவர்கள் உன்னைக் கேட்டது உனக்காக இல்லை, என் மகள் என்பதற்காக. பிறந்ததால் உள்ளே போகிற இடத்தில் உண்மை பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. வெளியே தள்ளப்பட்ட பிறகுதான் அவருக்கே அந்த வாய் வந்தது. உனக்குச் சங்கத்தில் வேலை செய்ய விருப்பமென்றால் ஐந்து வருடம் கழித்து, என் பெயரை இவர்கள் காறித் துப்பி முடித்த பிறகு, வாக்கெடுப்பில் நின்று வா. தோற்றால் தோற்றுப் போ. நாலு பேருக்கு முன்னால் சின்னவளாகப் போவதற்குப் பயப்படாதே. நான் பயந்தேன். அதற்கு ஒரு மனிதன் விலையாகப் போனான். உனக்கு இந்தப் புத்திமதியைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்டால், ஒன்றும் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

இந்த இடத்தில் முடித்துத்தான் அச்சுக்குக் கொடுக்க இருந்தேன். அதற்கு முதல் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று மனம் சொன்னது. அவளுடைய தம்பி. மலரில் அச்சாகி வந்து அவள் அறியக் கூடாது. நேற்று மத்தியானம் சாப்பிட்ட பிறகு அவளை இருத்தி முழுவதையும் வாசித்தேன். அழுவாள், ஏசுவாள், எழும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். நான் முடிக்கும் வரை மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "எனக்குத் தெரியும்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. என்ன தெரியும் என்று கேட்டேன்.

"அண்டைக்குப் பின்னேரமே பிள்ளை வந்து எனக்குச் சொன்னவள். வீட்டிலை சட்டி கழுவிக்கொண்டு நிண்டனான். அம்மா, லோட் வக்கீலிட்டைப் போகச் சொன்னவர், அப்பா மாத்திச் சொல்லிப்போட்டார், மாமாவுக்கு நீங்கள் சொல்லுங்கோ எண்டு அழுதாள். நான் சொல்லுறன், நீ பேசாமல் இரு எண்டனான். அவள் என்னை நம்பிப் பேசாமல் இருந்தவள்."

"பிறகு ஏன் நீ சொல்லேல்லை?"

"உங்களைத் தலைவர் எண்டு நாலு பேர் கூப்பிடேக்கை உங்கடை முகம் எப்பிடி இருக்குமெண்டு எனக்குத்தானே தெரியும். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை. நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்தன். நாளைக்குச் சொல்லுவியள், நாளைக்குச் சொல்லுவியள் எண்டு எட்டு நாளும் பாத்தன். கடைசிச் செவ்வாய்க்கிழமை காலமை அவன்ரை இலக்கத்தை அடிச்சனான். மணி போனது. அவன் எடுக்க முதல் வைச்சிட்டன். என்ரை தம்பியை விட எனக்கு உங்கடை மரியாதை பெரிசாப் போச்சு." எழும்பிக்கொண்டே, "இதையும் எழுதுங்கோ" என்றாள். "உங்களிலை மட்டும் பழியைப் போட்டு நீங்கள் நல்லவராகிட ஏலாது."

எழுதிவிட்டேன். மலர் வெளியீட்டு விழா வருகிற மாதம் கடைசிச் சனிக்கிழமை. சனம் இதை வாசிக்கும்போது நீ அங்கே இருக்க வேண்டாம், கொலோனிலேயே நில் என்று எழுதத்தான் நினைத்தேன். அம்மா உன்னைக் கட்டாயம் வரச் சொல்கிறாள். அன்றைக்கு மண்டபத்தில் தனக்குப் பக்கத்தில் இருப்பதற்கு ஒரு ஆள் வேண்டுமாம். என்னோடு இருக்க ஏலாதாம்.

அப்பா